மொழி எல்லையும் படத்தொகுப்பும்: ஏ. ஸ்ரீகர் பிரசாத்தின் பணி

மொழிபெயர்ப்பாளரைப் போலவே படத்தொகுப்பாளரும் தம் கைத்தடம் தெரியாதவாறு பணியாற்ற வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு உட்பட்டவர். இதனாலேயே இவ்விருவர் பணியும் போதிய ஆய்வுக்கு உட்படுவதில்லை. பல இந்திய மொழிப் படங்களைத் தொகுத்துள்ள ஏ. ஸ்ரீகர் பிரசாத்தின் பணி, மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கதாகும்.

தெலுங்குத் திரையுலகின் படத்தொகுப்பாளர் அக்கினேனி சஞ்சீவியின் மகனான இவர், ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றபின் தந்தையிடமே தொழில் பயின்றார். 1989இல் வெளிவந்த 'ராக்' என்னும் இந்திப் படம் இவருக்கு முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1996ஆம் ஆண்டுக்கான விருது 'ராக் பிராக்' என்னும் அசாமியப் படத்திற்குக் கிடைத்தது. தொடர்ந்து சந்தோஷ் சிவனின் தமிழ்ப் படமான 'தி டெரரிஸ்ட்' (1998), ஷாஜி என். கருணின் மலையாளப் படமான 'வானப்பிரஸ்தம்' (1999), மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), நந்திதா தாஸின் 'ஃபிராக்' (2008) ஆகியவற்றுக்கும் இவர் விருது பெற்றார். 2009ஆம் ஆண்டுக்கு இரண்டு மலையாளப் படங்களுக்கும் ஓர் இந்திப் படத்திற்குமாக நடுவர் குழுவின் சிறப்பு விருதும், 2020ஆம் ஆண்டுக்குச் 'சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்' படத்திற்கான விருதும் வழங்கப்பட்டன.

இப்பட்டியல் ஒரு வினாவை எழுப்புகிறது. தாம் பேசாத மொழியின் உரையாடலை ஒருவர் எவ்வாறு வெட்டி இணைக்க இயலும்? உணர்ச்சி எம்மொழிக்கும் பொது என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. 'தி டெரரிஸ்ட்' போன்ற, பேச்சு குறைந்து அண்மைக் காட்சிகள் மிகுந்த படத்திற்கு இவ்விடை ஓரளவு பொருந்தும். உரையாடல் மிகுந்த படங்களுக்கு அது போதாது.

தமிழில் 'அவன் வரவில்லை' என்னும் தொடரில் எதிர்மறை இறுதியில் நிற்கிறது, மலையாளத்திலும் அவ்வாறே. இந்தியில் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன் வருகிறது. அசாமியத்தில் அது வினையின் முன்னொட்டாகிறது. கேட்பவரின் முகத்தை எக்கணத்தில் காட்டுவது என்று முடிவு செய்யும் இடத்தில் இவ்வேறுபாடு தொழிற் சிக்கலாக உருவெடுக்கிறது. எதிர்மறை ஒலிக்கும் முன்பே முகம் வாடினால் காட்சி பொய்யாகிவிடும், பிந்தினாலோ தளர்ந்துவிடும். தொடரின் பொருளை மொழிபெயர்த்த வசனப் பிரதி அறிவித்துவிடும். அப்பொருள் எந்த அசையில் திரும்புகிறது என்பதை ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும், மொழியறிந்தாரை வினவியுமே உறுதி செய்ய இயலும்.

எனவே, அறியாத மொழியில் தொகுப்பவருக்கு உதவும் மொழிபெயர்ப்பாளரின் கடமை பொருளுரைப்பதோடு முடிவதில்லை. எதிர்மறையும் வினாவும் மூலத்தொடரில் எவ்விடத்தில் ஒலிக்கின்றன என்பதை அவர் பிரதியில் குறித்துத் தருதல் வேண்டும். திரையடி வாசகம் எழுதுவோருக்கும் இது பொருந்தும். நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே வாசகம் செய்தியை வெளியிட்டுவிடின், படத்தொகுப்பாளர் நுணுகி அமைத்த கணம் பார்வையாளரைச் சென்றடையாது.