ஸ்லைடிங் ஜன்னலா, திறக்கும் ஜன்னலா? எந்த ரூமுக்கு எது செட் ஆகும்?

மே மாதம், ராத்திரி 11 மணி. கரண்ட் போயிடுச்சு. ஏசி நின்ற பத்தாவது நிமிஷமே புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கிறோம். நாலடிக்கு நாலடி ஜன்னல்தான். ஆனால் ஸ்லைடிங் என்பதால், ஒரு கண்ணாடியை இன்னொன்றுக்குப் பின்னால் தள்ள மட்டும்தான் முடியும். பாதி ஜன்னல் எப்போதுமே மூடித்தான் இருக்கும். காசு கொடுத்தது 16 சதுர அடிக்கு, காற்று வருவதோ 8 சதுர அடி வழியாக!

வீடு கட்டும்போது டைல்ஸ் கடைக்கு நாலு முறை போகிறோம். ஜன்னல் பேச்சு வந்தால் மட்டும், "எல்லா ரூமுக்கும் ஒரே மாடலா போட்டுடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஹாலுக்குப் பொருந்துவது பெட்ரூமுக்குச் சரிவராது. பாத்ரூமில் தப்பான ஜன்னல் உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த அறைக்கு எது, ஏன் என்று பார்க்கலாம்.

ஜன்னல் எவ்வளவு பெருசா இருக்கணும்?

நேஷனல் பில்டிங் கோட் எனப்படும் தேசிய கட்டட விதித் தொகுப்பில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த ஊர்களில், கதவைச் சேர்க்காமல், ஜன்னல் மற்றும் வென்டிலேட்டரின் மொத்தப் பரப்பு அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வறண்ட வெயில் ஊர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களுக்கு முதல் கணக்குதான்.

10க்கு 12 அடி பெட்ரூம் என்றால் 120 சதுர அடி. அதில் ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. இதில் ஒரு முக்கியமான விஷயம், ஜன்னலின் ஒரு பகுதி திறக்க முடியாத கண்ணாடியாக இருந்தால், திறக்கும் பகுதியை மட்டும்தான் கணக்கில் சேர்க்கணும் என்கிறது அந்தத் தொகுப்பு. அதே லாஜிக்கில் பார்த்தால், நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் இரண்டு வைத்தாலும் 16 சதுர அடிதான் தேறும். கதவு மாதிரி முழுசாகத் திறக்கும் ஜன்னல் என்றால், அஞ்சுக்கு நாலு அளவில் ஒன்று வைத்தாலே 20 சதுர அடி வந்துவிடும்.

பெட்ரூமுக்கு எது?

திறக்கும் ஜன்னல்தான். கடைகளில் இதை 'ஓப்பனபிள்' அல்லது 'கேஸ்மென்ட்' என்பார்கள். நம் தாத்தா பாட்டி வீட்டில் கொக்கி போட்டு நிறுத்துவோமே, அதே சங்கதிதான். இப்போது யுபிவிசியிலும் அலுமினியத்திலும் வருகிறது. முழுசாகத் திறக்கும் என்பது ஒரு லாபம். மூடினால் ரப்பர் பட்டையோடு இறுக்கமாக அழுந்துவதால் தூசியும் சத்தமும் குறைவு என்பது இன்னொன்று. பஸ் ரூட்டை ஒட்டிய வீடுகளில் தூங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

மழைக்கும் இதுதான் தாங்கும். ஸ்லைடிங்கில் கண்ணாடி ஓடும் டிராக்கில் தண்ணீர் தேங்கி, அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்த ஓட்டைகள் தூசியில் அடைத்திருந்தால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் உள்பக்கம் வழிந்து மெத்தையை நனைத்துவிடும். ஸ்லைடிங் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பு ஒரு குச்சி விட்டு அதைக் குத்திச் சுத்தம் செய்வது நல்லது.

ஸ்லைடிங் ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், அதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பொதுவாக விலை குறைவு. மூன்றாவது டிராக்கில் கொசுவலையைச் சுலபமாக மாட்டிவிடலாம். பக்கத்து வீட்டுச் சுவர் ரெண்டடியில் இருந்தாலோ, வெளியே ஆள் நடக்கும் காரிடார் இருந்தாலோ, வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் வைத்தால் யாராவது தலையில் இடித்துக்கொள்வார்கள். அங்கே ஸ்லைடிங்தான் வழி.

அப்படிப் போடும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 'த்ரீ டிராக்' என்று சொல்வது பெரும்பாலும் ரெண்டு கண்ணாடி, ஒரு வலை. அதில் பாதிதான் திறக்கும். மூன்று டிராக்கிலும் மூன்று கண்ணாடி என்றால் மூன்றில் ரெண்டு பங்கு திறக்கும். ஆனால் வலைக்குத் தனி ஏற்பாடு செய்யணும். பெயர் ஒன்றுதான், பொருள் வேற வேற.

காற்று எந்தப் பக்கம் வருது?

ஜன்னல் எண்ணிக்கை ஒத்தைப்படையா ரெட்டைப்படையா என்று பார்க்கிற அளவுக்கு, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று நாம் பார்ப்பதில்லை. சென்னையில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்குப் பக்கமிருந்து வரும். மேற்கு ஜன்னல் அங்கே சாயங்கால வெயிலைத்தான் உள்ளே கூட்டி வரும். அதனால் அந்தப் பக்கம் சின்ன ஜன்னலும், மேலே நல்லா நீண்ட சன்ஷேடும் போதும். கோவையில் கதையே வேற. தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் காற்று வீசும். அங்கே மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

வந்த காற்று வெளியேற வழி இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஜன்னலும் வேலைக்கு ஆகாது. எதிர்ச் சுவரிலோ பக்கத்துச் சுவரிலோ இன்னொரு திறப்பு வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால்தான் பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே வென்டிலேட்டர் வைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் லாஃப்ட் கட்டி, பழைய சூட்கேஸ்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

கிச்சனில் கவனிக்க வேண்டியது

இங்கே ஸ்லைடிங் தப்பில்லை. மேடை ரெண்டடி அகலம் இருப்பதால், அதைத் தாண்டி வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலை இழுத்து மூடக் கை எட்டாது. அடுப்புக்கு நேர் பின்னாடி மட்டும் ஜன்னல் வேண்டாம். காற்றில் தீ அலையும், வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். சிங்க் பக்கம் வைக்கலாம்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். அதனால் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே என்று மட்டும் நம்பி இருக்க முடியாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற ஒரு சின்ன வழி இருக்கணும். கேஸ் வாசம் வந்தால் எக்ஸாஸ்ட் ஸ்விட்ச் உட்பட எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்யலாம்.

பாத்ரூம் ஜன்னலை மூடலாமா?

எப்போதுமே கொஞ்சம் திறந்திருக்கும் ஜன்னல்தான் பாத்ரூமுக்குச் சரி. கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர், அல்லது மேலே கீல் வைத்து அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும் 'டாப் ஹங்' வைக்கலாம். டாப் ஹங்கில் ஒரு வசதி, லேசான மழையிலும் திறந்தே வைக்கலாம். லூவரில் கண்ணாடிப் பட்டைகளை வெளியிலிருந்து உருவ முடியும் என்பதால் தரைத்தள வீடுகளில் கிரில் கட்டாயம்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மூடிய சின்ன அறைக்குள் கேஸ் எரியும்போது ஆக்ஸிஜன் குறைந்து, கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை சுற்றும், மயக்கம் வரும், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரில் அட்டையை வைத்து அடைப்பது இதனால்தான் ஆபத்து. கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, குழாய் வழியாக மட்டும் வெந்நீரை உள்ளே கொண்டுவர வேண்டும்.

கிரில் போடும்போது...

திருட்டுப் பயத்தில் எல்லா ஜன்னலுக்கும் கம்பியைச் சுவரோடு பதித்துவிடுகிறோம். வாசல் பக்கம் தீப்பிடித்தால் வெளியேற வேறு வழியே இருக்காது. பெட்ரூமில் ஒரு ஜன்னலின் கிரிலையாவது, உள்ளிருந்து திறக்கும்படி கீலும் பூட்டும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சாவி அந்த ஜன்னல் பக்கத்திலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கணும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் மாடி வீட்டில் படுக்கைக் கம்பிகள் வேண்டாம். அது அவர்களுக்கு ஏணி. நெட்டுக்குத்துக் கம்பிகளை நெருக்கமாக வையுங்கள், ஜன்னல் ஓரத்தில் கட்டிலைப் போடாதீர்கள்.

மரமா, யுபிவிசியா?

கடலுக்குப் பக்கத்தில் சாதா இரும்பு ஜன்னல் சீக்கிரம் துருப்பிடிக்கும். யுபிவிசிக்கு அந்தப் பிரச்னை இல்லை. மரம் மழைக்காலத்தில் உப்பி, கதவு இறுகும், ஆனால் ஆசாரி இழைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அலுமினிய ஃபிரேம் மெலிசாக இருப்பதால் வெளிச்சம் கூடுதலாக வரும், வெயிலில் சூடாகவும் செய்யும்.

ஜன்னலை முடிவு செய்ய வேண்டியது லிண்டல் போடுவதற்கு முன்பு. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று பிளானிலேயே குறித்து மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அகலப்படுத்தணும் என்றால் சுவரை உடைக்கணும். ஏற்கெனவே ஸ்லைடிங் போட்டுக் குடியேறிவிட்டவர்கள் முதலில் கொசுவலையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். வலைக் கண்களில் தூசி அடைத்திருந்தால், திறந்த அந்தப் பாதியிலும் காற்று சரியாக வராது.