களிமண் காவலாளி

பாபிலோனியாவில் ராவா என்ற யூத குரு ஒரு மனிதனைப் படைத்து ரபி சேராவிடம் அனுப்பிவைத்தார். சேரா பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். வந்தவன் வாயே திறக்கவில்லை. விஷயம் புரிந்துபோன சேரா, வந்த மண்ணுக்கே திரும்பும்படி கட்டளையிட்டார். யூதர்களின் சமய நூலான தல்மூதில் இந்தக் கதைக்கு ஓரிரு வரிதான். ஊமை மனிதன் அதோடு மறைந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்துப் போலந்தில் மறுபடி தலைகாட்டினான்.

இப்போது அதற்கு கோலெம் என்று பெயர். களிமண் உடம்பு, நெற்றியில் ஒரு புனிதச் சொல். வீட்டு வேலை எல்லாம் செய்யும். பேச மட்டும் வராது. ஒரே தொல்லை, நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும். நெற்றிச் சொல்லின் முதல் எழுத்தை அழித்தால் மண்ணாகிவிடும். ஆனால் ஒரு எஜமானருக்கு அந்த நெற்றி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தன் காலணியைக் கழற்றச் சொல்லி அதைக் குனியவைத்தார், எழுத்தை அழித்தார். மொத்த மண்ணும் அவர் மேலேயே சரிந்து அவரை நசுக்கியது. இந்தக் கதையை 1808-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதியவர் யாக்கோப் கிரிம், தேவதைக் கதைகளால் பின்னாளில் பெயர்பெற்ற சகோதரர்களில் மூத்தவர். அவர் எழுதியதில் பிராக் நகரமே கிடையாது.

பிராகுக்கு கோலெம் வந்தது 1830-களில். அதைப் படைத்தவர் அந்த ஊரின் பெரிய ஞானி ரபி யூதா லோவ் என்றார்கள். அவரோ 1609-லேயே காலமாகிவிட்டார். அவர் எழுதிய நூல்கள் எதிலும் களிமண் மனிதன் இல்லை. பெரிய மனிதர்கள் பெயரில் கதை கட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. ஆனால் அந்தக் கதையிலும் கோலெம் வெறும் வேலைக்காரன். ஓய்வுநாளுக்கு முந்தைய மாலையில் ரபி அதை நிறுத்த மறந்துவிட, அது வெறிபிடித்து அலைந்ததாகச் சொன்னார்கள். ஊரைக் காக்கும் உத்தியோகம் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைக்க ஒரு பழி தேவைப்பட்டது.

பழி ஏற்கெனவே பழையது. பாஸ்கா பண்டிகைக்காக யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற புளுகு, 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முளைத்து ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. எங்காவது ஒரு பிணம் கிடைத்தால் போதும், யூதர் தெரு எரியும். இருபதாம் நூற்றாண்டு நெருங்கியும் அது சாகவில்லை. 1899-ல் பொஹீமியாவின் போல்னா ஊரில் ஓர் இளம்பெண் கொலையானாள். ஹில்ஸ்னர் என்ற யூத இளைஞனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1903-ல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் இதே புரளியை ஒரு பத்திரிகை ஊதிவிட, கலவரத்தில் 49 யூதர்கள் செத்தார்கள். அப்போது வார்சாவில் இருந்த ஒரு ரபி பேனாவை எடுத்தார்.

யூட்ல் ரோசன்பெர்க்குக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். கானன் டாய்லின் கதை ஒன்றை எபிரேயத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவர். 1909-ல் ஒரு நூல் வெளியிட்டார். எழுதியது தான் அல்ல, ரபி லோவின் மருமகன் எழுதிய பழைய கைப்பிரதி, மெட்ஸ் நகர நூலகத்திலிருந்து கிடைத்தது என்றார். சுத்தக் கற்பனை! ஆனால் என்ன அருமையான கற்பனை. அதில் கோலெமுக்கு யோசெலே என்று பெயர். இரவில் யூதர் தெருக்களில் ரோந்து போகும். சந்தேகப்படும்படி யாராவது மூட்டையோடு வந்தால் பிரித்துப் பார்க்கும். யூதர் வீட்டில் போட்டுவிட்டுப் பழிசுமத்த உள்ளே குழந்தைப் பிணம் இருந்தால், ஆளையும் மூட்டையையும் சேர்த்துக் கட்டி அதிகாரிகளிடம் ஒப்படைக்கும். வேலைக்காரன் காவலாளியானது இங்கேதான். படித்தவர்கள் நிஜ வரலாறு என்றே நம்பினார்கள். ஹயிம் பிளோக் என்பவர் இதே கதைகளை ஜெர்மன் மொழியில் பரப்பினார். ரோசன்பெர்க் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கோலெமோ சினிமாவில் இறங்கிவிட்டது.

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் பால் வேகனர் யூதரல்ல. பிராகில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் கேள்விப்பட்ட கதை அவரை விடவில்லை. 1920-ல் வந்த அவருடைய படத்தில் பலகை மாதிரி தலைமுடியோடு அவரே கோலெமாக நடந்தார். ஊரே நடுங்கிய அந்த உருவத்திடம் ஒரு சின்னப் பெண் ஆப்பிளை நீட்டுகிறாள். அது அவளைத் தூக்குகிறது. அவள் விளையாட்டாக அதன் மார்பிலிருந்த நட்சத்திரத்தைக் கழற்ற, ராட்சச உருவம் உயிரற்று விழுகிறது. அந்த நடை 1931 ஃபிராங்கன்ஸ்டைன் படத்திலும் எதிரொலித்தது என்பார்கள் சினிமா வரலாற்றாசிரியர்கள். பயமுறுத்தும் உருவமாக அது அமெரிக்கர் மனதில் பதிந்தது. அடுத்து அதைப் பிடித்தவர்கள் பகடை உருட்டுபவர்கள்.

விஸ்கான்சினின் லேக் ஜெனீவா ஊரில் பிறந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு அசுரர்கள் எத்தனை இருந்தாலும் போதாது. 1975-ல் கோலெம் உள்ளே வந்தது. 1977-ல் வந்த அசுரர் கையேட்டில் அது நான்கு வகை: சதை, களிமண், கல், இரும்பு. சதை வகை அப்பட்டமான ஃபிராங்கன்ஸ்டைன். சதை, கல், இரும்பு மூன்றையும் மந்திரவாதிகள் செய்யலாம். களிமண்ணுக்கு மட்டும் மதகுரு வேண்டும். ரபி லோவின் மிச்சம் அவ்வளவே. தெருவும் இல்லை, பழியும் இல்லை, யூதர்களும் இல்லை.

இதே உலகத்தில் இன்னொன்றும் நடந்தது. வளைந்த மூக்கோடு தங்கத்தை எண்ணும் வங்கிக் குள்ளர்கள் மாயக் கதைகளுக்குள் புகுந்தார்கள். யாரைப் பார்த்து வரைந்தது என்று யாரும் சொல்லவில்லை, பழைய கேலிச்சித்திரங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. யூதரைக் கேவலப்படுத்திய படம் யூதர் என்ற பெயரை உதறிவிட்டு உள்ளே வந்தது. யூதரைக் காத்த உருவமோ பெயரை வைத்துக்கொண்டு யூதரை உதறியது. எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் விசித்திரம்.

ஜப்பானில் 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ விளையாட்டு வந்தபோது, அதில் ஒரு நகரத்தின் வாசலை மறித்து நின்றது செங்கல் கோலெம். ரபி லோவையே தெரியாத பிள்ளைகள் புல்லாங்குழல் ஊதி அதைத் தூங்கவைத்து, வீழ்த்திவிட்டு உள்ளே போனார்கள். காவல் வேலை மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டது. கடைசித் தாவல் 2012-ல், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள்.

இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை மனப்பாடம். நான்கு இரும்புக் கட்டிகளை டி வடிவில் அடுக்கவேண்டும். மேலே செதுக்கிய பூசணிக்காய். நெற்றிச் சொல் வேண்டாம், ரபியும் வேண்டாம். கிராமத்தைச் சுற்றி ரோந்து போகும், ஸோம்பிகளை அடித்துத் தள்ளும், கிராமத்துக் குழந்தைகளிடம் சிவப்புப் பூவை நீட்டும். அந்தப் பூவைப் பார்த்ததும் ரசிகர்களுக்கு நினைவு வந்தது ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படத்து ரோபோ. மைன்கிராஃப்ட்டில் அதற்கு இரும்புக் கோலெம் என்று பெயர்; யாரும் மூட்டையோடு வருவதில்லை என்பதால் அது எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை.