லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு

இலங்கை மலையகத்தில் தோட்டம் போட்ட துரைமார், பங்களாவுக்கு மட்டும் தேடித் தேடி இடம் பார்த்தார்கள். தொழிலாளியின் லயத்துக்கு அந்தக் கவனம் இருந்ததில்லை. தேயிலை நடத் தோதில்லாத சரிவும் ஓடைக்கரையும் மலையைக் குடைந்து சமப்படுத்திய துண்டு நிலமும் பல இடங்களில் லயமாயின.

10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு, மேலே தகரம். பின்பக்கம் எட்டிப் பார்த்தால், பல லயங்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே வெட்டிய மண்மேடு நிற்கும். அடைமழைக் காலத்தில் அதிலிருந்து நீர் கசிந்து சுவர் ஊறும். தரையில் வெடிப்பு விடும், நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கும், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வரும். மண் நகரத் தொடங்கிவிட்டதற்கு இவையே அறிகுறிகள்.

மலை மண்ணைப் பிடித்து நிறுத்தும் வித்தை தோட்டங்களுக்குத் தெரியாததல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை வந்தது. மொட்டையடித்த மலையில் மழைக்கு மேல்மண் கரைந்தோடவே, சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டினார்கள், கல்லடுக்கி அணை கட்டினார்கள். கானுக்குள் இடையிடையே குழி தோண்டி வண்டலைத் தேக்கினார்கள். மண் பாதுகாப்புக்கென்று 1951இல் சட்டமே வந்தது. இத்தனை உழைப்பும் தேயிலையின் வேரடி மண்ணுக்காக. அதே கைகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி மழைநீரை ஒழுங்காக வடிக்க ஒரு கான் வெட்டுவது யாருடைய கணக்கிலும் வரவில்லை. ஊறி நிற்கும் நீர்தான் சரிவின் பிடியைத் தளர்த்துகிறது என்பதால், இந்தப் புறக்கணிப்பு சின்ன விஷயமல்ல.

மலையகத்தின் ஆபத்தான சரிவுகளை முறையாக வரைபடமாக்கும் பணி 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்தது. இன்று அந்த நிறுவனம் மழையை அளந்தே எச்சரிக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

வெளியேறி எங்கே போவது? கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து மக்களுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டது. காம்பரா தோட்டத்துடையது, நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. கொழுந்து பறிக்கும் வேலையோடு கட்டுண்ட வீடு அது. விற்று வேறிடம் வாங்க ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர்களிடம் இடம்பெயரச் சொல்வது பாதி உதவிகூட ஆகாது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

தப்பியவர்களில் பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நாளைக் கடத்தின. பூணாகலைப் பகுதியில் கட்டிய 75 வீடுகள் கைக்கு வர 2016 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில்தான், லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டமும் சூடுபிடித்தது. ஆனால் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பழைய லயங்களில்தான் இருக்கின்றன. அவர்களுக்குப் போகும் அடுத்த எச்சரிக்கைக் கடிதத்தோடு, பாதுகாப்பான இடத்தில் ஒரு காணியும் அதன் உறுதிப்பத்திரமும் சேர்ந்தே போக வேண்டும். அரசும் தோட்டக் கம்பனிகளும் செய்ய வேண்டிய முதல் வேலை அது.