ப்ளேஆஃப் கணக்கு வேறு, கோப்பை கணக்கு வேறு

ஐ.பி.எல்.லில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று வகுப்பில் சண்டை வந்தால் எல்லோரும் சீசன் முழுக்க அடித்த ரன் கணக்கைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. லீக் சுற்றில் தோற்றால் நாலு நாளில் இன்னொரு மேட்ச் வந்துவிடும். ப்ளேஆஃபில் தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அந்த நெருக்கடியில் ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் இந்தக் கட்டுரை ப்ளேஆஃப் ஆட்டங்களைப் பற்றி மட்டும், அதிலும் பெரும்பாலும் சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றி. (கோயம்புத்தூர்க்காரனுக்கு சென்னை மேல் என்ன பாசம் என்று கேட்காதீர்கள். மற்ற விஷயங்களில் சண்டை உண்டு, மஞ்சள் சட்டை விஷயத்தில் கிடையாது :-))

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2008, 2009, 2010 மூன்று வருடமும் சாதாரண அரையிறுதிதான். நாலு அணி, இரண்டு ஆட்டம், தோற்றவர் வெளியே. 2011 முதல்தான் குவாலிஃபையர், எலிமினேட்டர் என்ற முறை வந்தது. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ஒரு முறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவது, நாலாவது இடம் என்றால் ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவாதான். இது ஐ.பி.எல். கண்டுபிடித்தது இல்லை, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கால்பந்து லீக் 1931-லேயே இந்த முறையை வைத்திருந்தது. கீழே இருந்து ஏறி வருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2011-லிருந்து 2025 வரை எலிமினேட்டர் ஆடி கோப்பை வென்ற ஒரே அணி 2016-ன் ஹைதராபாத். 2012-ல் சென்னை நாலாவது இடத்திலிருந்து இறுதிப்போட்டி வரை வந்து, சேப்பாக்கத்திலேயே கொல்கத்தாவிடம் கோட்டை விட்டது.

இப்போது நான் கேட்க வந்த கேள்வி. தோற்றுப்போன ஆட்டத்தில் ஒருவன் ஆடிய மகா ஆட்டத்துக்கு வரலாற்றில் இடம் உண்டா இல்லையா? கோப்பையை மட்டும் எண்ணுகிறவர்கள் இல்லை என்பார்கள். நான் உண்டு என்கிற கட்சி. என் சாட்சி, 2014 மே 30.

மும்பை வான்கடே மைதானம், இரண்டாவது குவாலிஃபையர். பஞ்சாப் முதலில் ஆடி 226. சேவாக் 58 பந்தில் 122. சென்னை இறங்கியதும் முதல் ஓவரிலேயே டு ப்ளெசிஸ் பூஜ்யத்தில் போய்விட்டார். அப்போது வந்தவர் சுரேஷ் ரெய்னா. அடுத்த ஐந்து ஓவரில் நடந்ததை வார்த்தையில் எழுதுவது கஷ்டம். 16 பந்தில் 50. (2009 அரையிறுதியில் கில்கிறிஸ்ட் 17 பந்தில் அடித்ததையே அதுவரை வாயைப் பிளந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.) பர்விந்தர் அவானா போட்ட ஒரே ஓவரில், நோ-பால் சேர்த்து 33 ரன். ஆறு ஓவர் முடியும்போது சென்னை 2 விக்கெட்டுக்கு சரியாக 100, அதில் 87 ரெய்னாவுடையது. 25 பந்து, 12 பவுண்டரி, 6 சிக்ஸர். கூட்டிப் பாருங்கள், ஓடி எடுத்தது வெறும் 3 ரன்!

ஏழாவது ஓவரின் முதல் பந்து. மறுமுனையில் மெக்கல்லம் தட்டிவிட்டு ஓட, பஞ்சாப் கேப்டன் ஜார்ஜ் பெய்லி எறிந்த பந்து நேராக ஸ்டம்பில். ரன் அவுட். எந்த பவுலராலும் அவுட் ஆக்க முடியாதவரை ஒரு எறி முடித்துவிட்டது. அதற்குப் பிறகு 83 பந்தில் 127 ரன் வேண்டும், கையில் 7 விக்கெட். டி20-யில் முடியாத இலக்கு இல்லை. ஆனால் அவர் போனதும் அணியின் மூச்சே போன மாதிரி ஆகிவிட்டது. தோனி 31 பந்தில் 42 எடுத்து கடைசிவரை நின்றார், சென்னை 202-ல் நின்றது. 24 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் சேவாக். நான் அப்போது நாலாம் வகுப்பு. உக்கடம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் ஐ.பி.எல். பேச்சு எடுத்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் "அந்த ரன் அவுட் மட்டும் ஆகாம இருந்திருந்தா ஏனுங்..." என்று ஆரம்பிப்பார்.

ரெய்னா ப்ளேஆஃபில் மொத்தம் 24 ஆட்டத்தில் 714 ரன். அதில் 2010 இறுதிப்போட்டியில் மும்பைக்கு எதிராக அடித்த 57 நாட் அவுட்டும் உண்டு. அதற்குக் கோப்பையும் கிடைத்தது, ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது. ஆனால் ரெய்னா என்றால் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த 87தான்.

ஜெயித்த பக்கமும் சொல்லவேண்டும். முரளி விஜய்க்கு ப்ளேஆஃப் என்றால் வேறு ரத்தம் ஓடும் போல. 2011 இறுதிப்போட்டி, சேப்பாக்கம்: 52 பந்தில் 95, ஹஸ்ஸியோடு முதல் விக்கெட்டுக்கு 159. அடுத்த வருடம் டெல்லிக்கு எதிராக 58 பந்தில் 113, அதுதான் ஐ.பி.எல். ப்ளேஆஃபின் முதல் சதம். 2011-ல் இன்னொரு விஷயம். அந்த சீசனில் 608 ரன் குவித்து பவுலர்களை ஓட ஓட விரட்டிய கெய்லை, நம்ம அஸ்வின் முதல் ஓவரிலேயே பூஜ்யத்தில் அனுப்பினார். பெங்களூருவின் துரத்தல் அங்கேயே முடிந்தது என்றுதான் சொல்வேன்.

வாட்சன் கதை இரண்டு பக்கமும் சேர்ந்தது. 2018 இறுதிப்போட்டியில் முதல் பத்து பந்தில் ஒரு ரன் கூட இல்லை. டி.வி. முன்னால் திட்டாதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதே ஆள் 57 பந்தில் 117 அடித்து கோப்பையைக் கொடுத்தார். அடுத்த வருடம் மும்பைக்கு எதிராக, முழங்காலில் ரத்தம் வழிய 59 பந்தில் 80. கடைசி ஓவரில் ரன் அவுட். ஒரே ஒரு ரன்னில் தோல்வி. ஆட்டம் முடிந்தபின் அந்தக் காலில் ஆறு தையல் போட்டார்கள். இரண்டில் எது பெரிய ஆட்டம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், நீங்கள் சண்டைக்கு வரலாம்.

தோற்ற அணிக்காரரை இறுதிப்போட்டியின் ஆட்ட நாயகனாக நடுவர்கள் தேர்ந்தெடுத்தது 2025 வரை ஒரே ஒரு முறைதான். 2009, ஜோகன்னஸ்பர்க், பெங்களூரு கேப்டன் அனில் கும்ப்ளே. 38 வயதில் 16 ரன்னுக்கு 4 விக்கெட், முதல் ஓவரிலேயே கில்கிறிஸ்ட் பூஜ்யம். அப்படியும் பெங்களூரு 6 ரன்னில் தோற்றது. அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று உண்டு. அவர்கள் ஊர் ஃபுட்பாலின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், 1971 ஜனவரியில், தோற்ற டல்லாஸ் அணியின் சக் ஹவ்லிக்கு சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தார்கள். அங்கேயும் தோற்ற பக்கத்துக்கு அந்த விருது போனது அந்த ஒரு தடவைதான்.

கடைசியாக நம் கோவை சம்பந்தப்பட்டது. சென்னைப் பையன் சாய் சுதர்சனை குஜராத் அணி 20 லட்சத்துக்கு வைத்திருந்தபோது, 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் நம் கோவை கிங்ஸ் 21.6 லட்சம் கொடுத்து எடுத்தது. ஐ.பி.எல்.லை விட இங்கே விலை அதிகம்! அந்த மே மாதம் அகமதாபாத் இறுதிப்போட்டியில் அவர் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். இந்தியாவுக்கு இன்னும் ஆடாத ஒருவர் ஐ.பி.எல். இறுதியில் எடுத்த அதிகபட்சம், 2014-ல் மனீஷ் பாண்டே அடித்த 94-ஐத் தாண்டியது. மழை வந்து இலக்கு 15 ஓவரில் 171 ஆகி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. கோப்பை சென்னைக்கு. எனக்கு சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பையனுக்கு ஆட்ட நாயகன் விருது இல்லையே என்றும் இருந்தது. ஜூலையில் கோவை கிங்ஸ் நெல்லையை 104 ரன்னில் வென்று டி.என்.பி.எல். கோப்பையைத் தூக்கியது.

2025-ல் சுதர்சன் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். அந்த வருட எலிமினேட்டரில் மும்பை 228 அடிக்க, இவர் 49 பந்தில் 80. குஜராத் 20 ரன்னில் தோற்றது.