உயர்த்திய ஜீப்பில் உடம்பு நோகாமல் போவது எப்படி?

தீவகத்தில் ஜீப்பையும் பிக்கப்பையும் உயர்த்துவது பகட்டுக்காக அல்ல. வேலணையில் சாட்டிப் பக்கம் கடற்கரை மணல், ஒழுங்கைகளில் துருத்தி நிற்கும் சுண்ணாம்புக்கல், மாரியில் தேங்கும் வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான் வாகனத்தை உயர்த்த வைக்கின்றன. பகலில் வலையும் மீன்பெட்டியும் ஏற்றும் அதே வாகனம்தான் இரவில் அவசரத்திற்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலம் கடந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு ஓடுகிறது.

நான் இந்தப் பக்கத்தில் வாகனம் திருத்தும் வேலை செய்பவன். உயர்த்திய வாகனம் வைத்திருப்போர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: “உயரம் வந்திட்டுது, ஆனா உள்ளுக்க இருக்கேலாமக் கிடக்கு.”

சாதாரண ஆட்களுக்கு இது அலுப்பு. போர் தின்ற உடம்புக்கு இது வேறு கதை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர், உடம்பில் எறிகணைச் சிதறல் இருப்பவர், செயற்கைக்கால் அணிந்தவர் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு இருக்கை அடிப்பது தெரியாது; இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். கிளினிக்கைவிடப் போய்வரும் வழிதான் நோகிறது என்று நாளைத் தள்ளிப்போடுபவர்களை எனக்குத் தெரியும். வாகனத்தை மெதுமையாக்குவது அவர்களைப் பொறுத்தவரை வைத்தியத்தின் ஒரு பகுதி.

உயரம் வேறு, விறைப்பு வேறு

வாகனத்தை உயர்த்தினால் அது அடிக்கத்தான் செய்யும் என்பது பிழையான நம்பிக்கை. அடிப்பது உயரத்தால் அல்ல, உயர்த்திய முறையால்.

ஸ்பிரிங்கின் மேல் வாகனத்தின் பாரம் இருக்கும்போது அது எவ்வளவு அமிழ்கிறதோ அதைப் பொறுத்தே ஆட்டத்தின் வேகம் அமையும். 25 செ.மீ. அமிழ்ந்தால் வாகனம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தடவை ஆடும். 10 செ.மீ. என்றால் 1.6 தடவை, 6 செ.மீ. என்றால் 2 தடவை. நல்ல காரொன்று செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை வரை ஆடும். இருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் ஆகக் கூடுதலாக வருந்துவது செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான வரம்பில். முழு உடல் அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேச நியமமும் இந்த வரம்புக்கே கூடிய கவனம் கொடுக்கிறது. எனவே எங்கள் வேலை, உயரத்தைக் குறைக்காமல் ஆட்டத்தை மெதுவாக்குவது.

முதலில் காற்று

செலவில்லாத வேலை இது. பாரம் ஏற்றுவதற்காக நிரம்ப அடித்த காற்றோடு ஒற்றை நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம். தயாரிப்பாளர் சொன்ன அளவு வாகனத்தின் கதவோரம் அல்லது கையேட்டில் இருக்கும். தார் வீதிக்கு அதுவே சரி. கல் ஒழுங்கையில் மெதுவாக ஓடும்போது சாதாரண ஜீப்புக்கு 25 பி.எஸ்.ஐ. அளவிலும், கடற்கரை மணலில் 18 முதல் 20 வரையிலும் இறக்கலாம். ஆனால் குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடாகி வெடிக்கும். தார் வீதிக்கு ஏறமுன் திரும்ப அடிக்க வேண்டும். ஆகவே ஒரு காற்றுப் பம்பும் அளவுமானியும் வாகனத்திலேயே இருக்கட்டும்.

தேவைக்கு மிஞ்சிய பெரிய ரயரும் பாரமான றிம்மும் போடாதீர்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம் கூடினால், ஒவ்வொரு கல்லிலும் அது மேலே வந்து இடிக்கும்.

கடற்காற்றும் துருவும்

பழைய லாண்ட் ரோவர், ஜீப் போன்றவற்றிலும், பல பிக்கப்களின் பின்பக்கத்திலும் இருப்பது பட்டை ஸ்பிரிங். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். வாகனம் ஆடும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் ஸ்பிரிங் அசையாது, ரயர் மட்டுமே ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஆட்டம் உடம்பு வருந்தும் வரம்பை நெருங்கிவிடும்.

பட்டைகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, வெடிப்பு உண்டா என்று பார்த்து, கிறபைற் கிறீஸ் பூசிப் பூட்டினாலே பாதி அடி குறையும். கடல்நீரில் இறங்கிய வாகனத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கீழிருந்து கழுவுங்கள்.

ஸ்பிரிங்கின் முனைகளில் இருக்கும் றப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புதிய புஷ் போட்டபின், வாகனம் நான்கு சக்கரத்திலும் நிலத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று கெதியாகக் கிழியும்.

பட்டை சேர்ப்பதில் கவனம்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தக் கைப்பழக்கம் பெருமைக்குரியது. ஆனால் ஜீப்பை உயர்த்த லொறிப் பட்டையை எடுத்துச் செருகும் இடத்தில் அது கைகொடுக்காது.

ஐந்து பட்டையோடு அதேபோன்ற இன்னொன்றைச் சேர்த்தால் ஸ்பிரிங் ஏறத்தாழ 20 வீதம் விறைக்கும். தடிப்பை மாற்றினால் கணக்கு வேறு: 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் அதே எண்ணிக்கையில் 8 மி.மீ. பட்டைகள் போட்டால் விறைப்பு இரண்டேகால் மடங்கைத் தாண்டும். மெல்லிய பட்டைகள் கூடுதலாக இருப்பதே மெதுமைக்கு நல்லது. நீளமான ஸ்பிரிங் இன்னும் நல்லது.

பின்பக்கத்தை மட்டும் சிறிது உயர்த்த வேண்டுமானால், அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் அதற்கென்று செய்த இரும்புக் கட்டை வைக்கலாம். அது ஸ்பிரிங்கை விறைக்க வைக்காது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கக்கூடாது. முன் அக்சிலில் ஒருபோதும் வைக்கக்கூடாது. பிறேக் பிடிக்கும்போது நழுவினால் உயிர் போகும்.

1930களில் அமெரிக்காவில் மொறிஸ் ஒலி என்ற பொறியியலாளர் காட்டிய ஒரு விடயமும் உதவும்: முன் ஸ்பிரிங் பின்னதைவிடச் சற்று மெதுவாக ஆடினால் வாகனம் முன்பின்னாகக் குதிப்பது குறையும். பின்சக்கரம் பிந்தித்தான் மேட்டில் ஏறுகிறது. சற்று விரைவாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். ஆகவே முன்பக்கத்தில் பட்டை சேர்க்கமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

சொக் அப்சோபரின் நீளம்

வாகனத்தை உயர்த்திவிட்டுப் பழைய சொக் அப்சோபரையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முழுக்க இழுபட்டு ‘டங்’ என்று அடிக்கும். அளவுக்கு மிஞ்சி நீளமானதைப் போட்டால், மேட்டில் ஏறும்போது அடியில் முட்டும். வாகனம் நிற்கும் நிலையில், அக்சிலுக்கும் அதைத் தடுக்கும் றப்பர் முட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுங்கள். சொக் அப்சோபர் உள்ளே போக அதைவிடக் கூடுதலான இடம் இருக்க வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கல் வீதியில் சிறிது தூரம் ஓடியபின் கையைக் கவனமாகக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை செய்வது சூடாக இருக்கும், செத்தது குளிராக இருக்கும். எண்ணெய் கசிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

உயர்த்திய வாகனத்தில் பிறேக் குழாய் இழுபடுகிறதா, புறப்பெல்லர் சாப்ற் சரிந்து நடுங்குகிறதா, ஸ்ரேறிங் அலைகிறதா, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்பதையும் பாருங்கள். உயரம் கூடக் கூட வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். பெரிய மாற்றம் செய்யமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

நோயாளியை எங்கே இருத்துவது?

பின்சக்கரத்துக்கு நேர்மேலே, பக்கவாட்டாகப் போட்ட வாங்கு ஆகக் கெட்ட இடம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவில், முன்னோக்கிய இருக்கையே நல்லது. பட்டி கட்டாயம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் சக்கரநாற்காலியில் பாவிக்கும் குசனையே இங்கும் பாவிக்கட்டும். சாதாரண பஞ்சு அடியில் தட்டிவிடும். வழியில் நிறுத்தி, வைத்தியசாலையில் பழக்கியபடி உடம்பைத் தூக்கி அழுத்தத்தைக் குறைக்க நேரம் கொடுங்கள். வீடு திரும்பியதும் தோலில் சிவப்பு உண்டா என்று பாருங்கள். செயற்கைக்கால் அணிபவர், நீண்ட பயணத்தில் அதைத் தளர்த்தலாமா என்று காலைச் செய்து தந்த நிலையத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

கையில் காசு குறைவென்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: காற்று, துரு, புஷ், சொக் அப்சோபர், கடைசியில் புதிய ஸ்பிரிங். முதல் இரண்டுக்கும் ஒரு நாள் வேலையும் கொஞ்சம் கிறீசும் போதும். மிச்சம் சாரதியின் காலில் இருக்கிறது. ஏற்றியிருப்பவரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து ஓடுங்கள்; எந்தப் பள்ளத்தில் மெதுவாக வேண்டும் என்பதை அது சொல்லும்.