ஹார்லெமில் ஒரு வாடகை அறைத் திருச்சபை

ஜமைக்காவில் ஓர் ஆங்கிலிக்கன் கோவில். ஈஸ்டர் ஞாயிறு. பாடகர் குழுவில் நின்றிருந்த கறுப்பினச் சிறுவன், விசுவாச அறிக்கையில் தன் முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டான். மூன்று எப்படி ஒன்றாகும், ஒன்று எப்படி மூன்றாகும்? கணக்கு இடித்தது. அன்றே உறவினர் வீட்டில் சானிங் என்ற அமெரிக்கப் போதகரின் பிரசங்கம் ஒன்று அவன் கையில் கிடைத்தது. கடவுள் ஒருவரே, புத்திக்கு ஒவ்வாததை நம்பவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்று சொல்லும் யூனிட்டேரியன் பிரிவைச் சேர்ந்தவர் சானிங். அந்தச் சிறுவன் எக்பர்ட் எத்தெல்ரெட் பிரவுன். பிறந்தது 1875.

கருவூல எழுத்தராக இருந்து வேலையை இழந்தபின், யூனிட்டேரியன் போதகராகலாம் என்று பிரவுன் எழுதிய கடிதம் அமெரிக்காவின் மெட்வில் இறையியல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளித் தலைவரின் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. படிக்க வரலாம், ஆனால் அமெரிக்காவில் கறுப்பருக்கென்று யூனிட்டேரியன் சபை எதுவும் இல்லை, வெள்ளையர் சபைகள் வெள்ளைப் போதகரைத்தான் கேட்கும். தோழர்களே, அடிமை ஒழிப்புக்காக முழங்கிய தியோடர் பார்க்கரைத் தந்த பிரிவு இது! திட்டவில்லை, தீண்டாதே என்று சொல்லவில்லை. இடமில்லை என்று மட்டும் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய திருச்சபைகளைப் பார்த்த நமக்கு இந்த மரியாதை புதிதல்ல.

பிரவுன் போனார், படித்தார், 1912 இல் போதகரானார். ஜமைக்காவுக்குத் திரும்பி மாண்டிகோ பேயிலும் பிறகு கிங்ஸ்டனிலும் ஊழியம் செய்தார். பாஸ்டனில் இருந்த தலைமைச் சங்கம் சில ஆண்டுகள் பணம் அனுப்பியது, பிறகு நிறுத்திக்கொண்டது. 1920 இல் குடும்பத்தோடு நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்தார். அந்த ஆண்டே சபையும் தொடங்கியது.

அந்தச் சபையைக் கற்பனை செய்து பாருங்கள். கோபுரமும் மணியும் இல்லை. வாடகைக்கு எடுத்த ஓர் அறை. வந்தவர்களில் பெரும்பாலோர் பிரவுனைப் போலவே கரீபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, பிரசங்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போதகரை மறுத்துப் பேசலாம். அதுதான் அந்தச் சபையின் உயிர். பேசியவர்கள் யார் தெரியுமா? டபிள்யூ. ஏ. டொமிங்கோ, ரிச்சர்ட் பி. மூர், கிரேஸ் கேம்பெல், ஃபிராங்க் கிராஸ்வெய்ட். ஹார்லெம் சோசலிசத்தின் முதல் வரிசை! தெருமுனையில் பெட்டி மேல் ஏறி நின்று பேசியவர்கள், ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கடவுளையும் கூலியையும் ஒரே மூச்சில் விவாதித்தார்கள். சிலருக்கு ஜெபமே வேண்டாம், விவாதம் போதும். பிரவுனுக்கோ இது சங்க அலுவலகம் அல்ல, சபை. இந்த இழுபறி கடைசிவரை தீரவில்லை. 1928 இல் சபைக்கு, முந்தைய ஆண்டு மறைந்த ஹியூபர்ட் ஹாரிசனின் பெயரை வைத்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு கறுப்பினச் சிந்தனையாளரின் பெயரில் ஒரு திருச்சபை! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

காணிக்கைத் தட்டில் விழுந்த சில்லறை வாடகைக்கே போதவில்லை. போதகர் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்தார். பிறகு சோசலிஸ்ட் கட்சியில் சம்பளத்துக்கு வேலை செய்தார். இறையியல் படித்த ஒரு வெள்ளைப் போதகருக்கு லிஃப்ட்டுக்குள் நின்று பிழைக்கும் நிலை வந்திருக்குமா? வெள்ளை யூனிட்டேரியன் சபைகளிடம் அவர் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார். அது தலைமைக்குத் தொந்தரவாகப் பட்டது. 1929 இல் போதகர் பட்டியலிலிருந்தே அவர் பெயரை நீக்கிவிட்டார்கள்.

பிரவுன் சபையை மூடவில்லை. அமெரிக்கக் குடிமைச் சுதந்திரங்கள் சங்கத்தின் உதவியை நாடினார். வழக்கு வரும் என்ற நிலை வந்ததும் 1935 இல் பெயர் திரும்பப் பட்டியலில் ஏறியது. மனமாற்றத்தால் ஏறியது என்று நான் நம்பத் தயாரில்லை.

அடுத்த ஆண்டு, 1936 இல், பிரவுனும் டொமிங்கோவும் டபிள்யூ. அடால்ஃப் ராபர்ட்ஸும் சேர்ந்து ஜமைக்கா முற்போக்குக் கழகத்தை ஹார்லெமில் தொடங்கினார்கள். ஜமைக்காவை ஜமைக்கர்களே ஆளவேண்டும் என்பது கோரிக்கை. இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த அந்தத் தீவில் 1944 இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. சுதந்திரம் 1962 இல். வாடகை அறையில் எதிர்த்துப் பேசிப் பழகிய நாக்குகளுக்கு அதில் பங்கு உண்டு.

சுதந்திரத்தைப் பார்க்கப் பிரவுன் இல்லை. 1956 இல் இறந்தார். அவரோடு சபையும் கலைந்தது. அவர் கதையை 1980களில் புத்தகமாக எழுதியவர் மார்க் மாரிசன்-ரீட். அதே பிரிவின் கறுப்பினப் போதகர்.