தறிக்குழி எந்தப் பாலிசியில் வரும்?

2015 மழையில் காஞ்சிபுரத்து எங்கள் வீட்டுத் தறிக்குழிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. தறியில் பாதி நெய்த சேலை. அடுத்த மாதம் பாலிசி எடுக்கலாமென்று முகவரை வரவழைத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: ‘இது வீடா, தொழிற்கூடமா?’ அப்பா சொன்னார்: ‘படுக்கிறதும் இங்கதான், நெய்யறதும் இங்கதான் சார்.’ பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தைத் தேடித்தான் காப்பீட்டு வரலாற்றுக்குள் போனேன். (தமிழ் எம்.ஏ. படிச்சவனுக்கு இது எதுக்கு என்கிறார்கள் நண்பர்கள். பாலிசியும் ஒரு பிரதிதானே.)

1666 லண்டன் பெருந்தீக்குப் பின் நிக்கோலஸ் பார்போன் தொடங்கிய தீக்காப்பீடு கட்டடத்தை மட்டுமே பார்த்தது: செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம், மர வீட்டுக்கு அதில் இரட்டிப்பு. 1710இல் தோன்றிய சன் தீக்காப்பீட்டு நிறுவனம் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் காப்பு தந்தது. அதன் பதிவேடுகள் லண்டன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுப் பதிவொன்றில் ஆளின் பெயர், தொழில், குடியிருக்கும் வீடு. அதற்குள் தட்டுமுட்டுச் சாமான் இவ்வளவு, உடுதுணி இவ்வளவு, தொழில் கருவியும் சரக்கும் இவ்வளவு. எல்லாம் ஒரே பத்தியில். தொழிலுக்கேற்ப அபாயத்தைத் தரம் பிரித்துக் கட்டணத்தை ஏற்றினார்கள், அவ்வளவுதான். தையலும் தொப்பியும் விற்றுச் சொந்தப் பெயரில் பாலிசி எடுத்த பெண்களை வரலாற்றாசிரியர்கள் கண்டெடுத்ததும் இந்த ஏடுகளிலிருந்துதான். ஆலை வந்தபின்தான் வீடு என்பது வேலையற்ற இடமாகக் கட்டமைக்கப்பட்டது.

உடனே இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அந்த ஏட்டில் ஏறச் சொத்து வேண்டும். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவில் முதலாளி பட்டைக் கொடுப்பான், கூலி நெசவாளி தன் இருப்பிடத்தில் நெய்வான். எரிந்த பொருளில் உனக்கென்ன பாத்தியதை என்றுதான் காப்பீடு கேட்கும். தறி நின்றுபோன நாட்களின் கூலி அந்தக் கேள்விக்குள் வராது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான்: தறி எங்களுது, பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியுது. நனைந்த பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அப்பா.

இதை மாற்றிப் போட்டது காப்பீட்டுக் கம்பெனி அல்ல, ஒரு தொழிற்சங்கம். அகமதாபாத்தில் எலா பட் 1972இல் தொடங்கிய சேவா, 1992 முதல் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய காப்பீட்டில் உயிர், மருத்துவமனைச் செலவு இவற்றோடு வீட்டையும் தொழில் கருவியையும் ஒன்றாகச் சேர்த்தது. வீட்டிலேயே பீடி சுற்றுகிற, துணி தைக்கிற பெண்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது? சொத்திலிருந்து தொடங்காமல் உழைப்பவளிலிருந்து தொடங்கியதால்தான் அந்தக் கோடு தேவைப்படாமல் போனது என்று நினைக்கிறேன்.

அரசின் ஒழுங்குமுறை ஆணையமோ கோட்டை இன்னும் அழுத்திப் போட்டது. 2021 ஏப்ரல் முதல் குடியிருப்புக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’, 5 கோடி வரை மதிப்புள்ள சிறுதொழிலுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. இரண்டு பாரம், இரண்டு பிரீமியம். அப்பாவுக்கு உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரிப்பா, தறிக்குழி எதுல வரும்? தரைதானே அது, வீட்டோட தரை’ என்றார். முகவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.